ஒரு ‘பொளக்’... அப்புறம் கப்சிப்!

செமஸ்டர்ல பாஸ், ஆபீஸ்ல பாஸ், பஸ்ல பாஸ்... இந்த மூணையும் பத்தி உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்? இந்த வாரம் நாம பார்க்கப்போறது நாலாவது பாஸ். தண்ணிக்குள்ள இருக்கிற பாஸ். வகுப்புக்கு ஒன்பது மணிக்கே எழுந்திருக்காத அமெரிக்க மாணவனைக்கூட, விடிகாலை நாலு மணிக்கு அலாரம் வெச்சு ஏரிக்கரைக்கு ஓடவைக்கிற மீன் இது.

முழுப் பெயர் லார்ஜ்மவுத் பாஸ். பெயரிலேயே இருக்கு, பெரிய வாய்க்காரர். பச்சை உடம்பு, பக்கவாட்டில் ஒரு கறுப்புப் பட்டை. வாயை மூடினால் மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னால் போய் நிற்கும். வட அமெரிக்காவின் கிழக்கு மற்றும் நடுப்பகுதி ஏரிகளும் ஆறுகளும்தான் சொந்த ஊர். ரொம்ப தூரம் துரத்தி வேட்டையாடுவது சாருக்குப் பெரும்பாலும் பிடிக்காது. பாசிக்குள்ளோ, விழுந்து கிடக்கும் மரத்தடியிலோ, படகுத்துறை நிழலிலோ பதுங்கியிருப்பார். குட்டி மீன், தவளை, பூச்சி எது பக்கத்தில் வந்தாலும் ஒரே லபக்!

இவரைப் பிடிக்க எத்தனையோ வழி இருக்கு. அதில் ஒண்ணு தனி ரகம். தண்ணிக்கு மேலே ஒரு பொய் இரையை மிதக்கவிட்டு, கீழே பதுங்கியிருக்கிறவரை மேலே வரவழைக்கிறது. மற்ற தூண்டில்களில் மீன் கடிப்பது கையில் தெரியும். இதில் கண்ணால பார்க்கலாம், காதால கேட்கலாம். அந்தப் பொய் இரைக்குப் பேர் பாப்பர். அது கத்துக்கொடுக்கிற ஒரு பாடம்தான் இந்த வார மேட்டர்.

வாய் பிளந்த பொம்மை

பார்க்க ரொம்ப சாதாரணம். ரெண்டு, ரெண்டரை அங்குலத்துக்கு ஒரு குட்டி மீன் பொம்மை. அடியில் ஒண்ணு, வாலில் ஒண்ணுன்னு மூன்று முனை தூண்டில் முள் ரெண்டு. வால் முள்ளில் கொஞ்சம் இறகு. விஷயமே முகத்தில்தான். முன்பக்கம் கிண்ணம் மாதிரி குழிஞ்சிருக்கும். தூண்டில் கம்பின் நுனியைச் சட்டுனு ஒரு வெட்டு வெட்டினால், அந்தக் கிண்ணம் தண்ணியையும் காற்றையும் சேர்த்து முன்னால் தள்ளும். ‘பொளக்!’ கொஞ்சம் தெறிப்பு, கொஞ்சம் நுரை, சுத்திலும் வட்ட வட்டமா அலை.

கீழே இருக்கிற பாஸுக்கு அது என்ன? தவளை குதிச்ச சத்தமா இருக்கலாம். அடிபட்ட குட்டி மீன் துடிக்கிறதா இருக்கலாம். இன்னொரு மீன் மேலே பூச்சி தின்கிறதாவும் இருக்கலாம். எதுவானாலும் ‘மேலே டிபன் ரெடி’ங்கிறதுதான் அர்த்தம். மீனின் உடம்புப் பக்கவாட்டில் தலையிலிருந்து வால் வரைக்கும் ஓடும் உணர்வுக்கோடு ஒண்ணு உண்டு. தண்ணியின் அசைவை அது உடம்பாலேயே படிச்சிடும். சத்தம் எந்தப் பக்கம்னு தலைவருக்கு அட்ரஸ் எழுதித் தரத் தேவையில்லை.

இந்த மிதக்கும் மர இரைகளின் கதை தொடங்கிய இடத்தையும் கேளுங்க. மிச்சிகன் மாநிலத்தில் டவாஜியாக்னு ஒரு ஊர். அங்கே ஜேம்ஸ் ஹெடன்னு ஒரு தேனீ வளர்ப்பவர். 1890-களில் ஒருநாள் அந்த ஊர் ஆலைக்குளத்து ஓரம் நண்பருக்காகக் காத்திருந்தாராம். சும்மா இருக்க முடியாம ஒரு மரத்துண்டைக் கத்தியால் செதுக்கிக்கிட்டே இருந்து, கடைசியில் அதைத் தண்ணியில் தூக்கிப் போட்டிருக்கார். உள்ளேயிருந்து ஒரு பாஸ் பாய்ஞ்சு வந்து அதை அடிச்சுத் தூக்கிடுச்சு! இது அவரைப் பத்திச் சொல்லப்படும் கதை. ஆனா பின்னாடி அவர் குடும்பம் நடத்திய தூண்டில் கம்பெனி உலகப் புகழ் பெற்றது கதையில்லை, நிஜம். நண்பன் லேட்டா வந்தா திட்டாதீங்க பாஸ்.

அப்புறம் வந்தவர் ஒஹாயோவில் ஆக்ரன் நகரத்து ஃப்ரெட் ஆர்போகாஸ்ட். ஆக்ரன் டயர் ஊர். இவரும் குட்இயர் ரப்பர் கம்பெனியில் வேலை பார்த்தவர். பாப்பருக்குப் பின்னால் மெல்லிசா கிழிச்ச ரப்பர் பாவாடையைக் கட்டிவிட்டார். ஹவாய்த் தீவு ஹூலா நடனக்காரர்களின் இலைப் பாவாடை மாதிரி இருந்ததால் பேர் ‘ஹூலா பாப்பர்’. பொம்மை நின்ன பிறகும் அந்தப் பாவாடை மட்டும் லேசா அசைஞ்சுக்கிட்டே இருக்கும். நிக்கிற நேரத்தில்தான் மீன் முடிவு எடுக்குதுன்னு மனுஷன் புரிஞ்சு வெச்சிருக்கார் பாருங்க.

செம ட்விஸ்ட் இன்னொண்ணு. ரெபல் கம்பெனி ‘பாப்-ஆர்’னு ஒரு பாப்பரைக் கொண்டுவந்து, சரியா விற்கலைன்னு நிறுத்திடுச்சு. ஆனா டெக்சாஸ்காரர் ஜெல் ரோலண்ட் மாதிரி சில போட்டியாளர்கள் மட்டும் கடை கடையா ஏறி மிச்சமிருந்ததை அள்ளிக்கிட்டாங்க. உப்புத்தாளால் தேய்ச்சுத் தேய்ச்சு, உடம்பை மெலிசாக்கி, சத்தத்தையே மாத்தி, யாருக்கும் சொல்லாம மீன் பிடிச்சாங்க. ரகசியம் வெளியே வந்ததும் கம்பெனி மறுபடியும் தயாரிக்க ஆரம்பிச்சது. கடைக்காரர் ‘ஓடாத ஐட்டம்’னு ஓரங்கட்டியது, தெரிஞ்சவன் கையில் தங்கமாச்சு!

வட்டம் மறையற வரைக்கும் பொறு

இப்போ பிராக்டிகல் கிளாஸ். தண்ணியின் சூடு 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் பாப்பர் சீசன் ஆரம்பம். அதிகாலை, அந்திப் பொழுது, மேகம் மூடின நாள் மூணும் சூப்பர். உச்சி வெயிலில் நிழல் இருக்கிற இடமாப் பாருங்க. அல்லி இலை ஓரம், படகுத்துறை, தண்ணியில் சாய்ஞ்ச மரம் மாதிரி.

நரம்பு விஷயத்தில் உஷார். ஃப்ளோரோகார்பன் நரம்பு தண்ணியில் மூழ்கும். பாப்பரின் மூக்கைக் கீழே இழுத்து ஆட்டத்தைக் கெடுத்துடும். சாதா நைலான் நரம்பே நல்லது. அதுக்குக் கொஞ்சம் இழுவைத்தன்மையும் உண்டு. அது ஏன் நல்லதுன்னு இதோ வர்றேன்.

வீசியாச்சு. பாப்பர் தண்ணியில் விழுந்து வட்ட வட்டமா அலை போகுது. கை பரபரன்னு இருக்கும், உடனே ஒரு வெட்டு வெட்டச் சொல்லும். கூடாது! அந்த வட்டம் எல்லாம் மறையற வரைக்கும் சும்மா இருங்க. அப்புறம் ஒரு ‘பொளக்’. மறுபடியும் சும்மா இருங்க. மீன் சுறுசுறுப்பா இருக்கிற நாளில் ‘பொளக் பொளக் பொளக்’னு வேகமாவும் ஓட்டலாம். மந்தமான நாளில் ஒரு பொளக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில் பத்து, பதினஞ்சு விநாடி. பேப்பரில் படிக்கக் கம்மிதான். ஏரிக்கரையில் நின்னு எண்ணிப் பாருங்க, வைவாவில் கேள்வி கேட்டுட்டு சார் முகத்தையே பார்த்துக்கிட்டு இருக்கிற மாதிரி நீளும்.

பாஸ் பெரும்பாலும் சத்தம் வரும்போது அடிக்கிறது இல்லை. சத்தத்துக்குக் கிட்டே வரும், கீழே நின்னு அண்ணாந்து பார்க்கும். அமைதியில்தான் அடிக்கும். சத்தம் அழைப்பிதழ் மட்டும்தான். கல்யாணமே அமைதியில்தான் நடக்குது.

அடுத்தது, இதைவிடக் கஷ்டமான பாடம். தண்ணி வெடிக்கும். யாரோ பெரிய கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி ஒரு சத்தம். பாப்பரைக் காணோம். உங்க இதயம் தொண்டைக்கு வந்திருக்கும். கை தானா கம்பைப் பின்னாடி வெடுக்குனு இழுக்கும். போச்சு! நூத்துக்குத் தொண்ணூறு பேர் மீனைத் தவறவிடுவது இந்த அரை விநாடியில்தான்னு பழைய கைகள் சொல்லும்.

காரணம் இருக்கு. பாஸ் இரையைப் பல்லால் கவ்வுறது இல்லை, உறிஞ்சுது. வாயையும் தொண்டையையும் கண் இமைக்கிற நேரத்துக்குள் விரிச்சால், தண்ணியோடு சேர்ந்து இரை உள்ளே போகும். 2015-ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை எக்ஸ்ரே வீடியோவில் எடுத்துப் பார்த்தாங்க. அந்த உறிஞ்சலுக்கான சக்தியில் மிகப் பெரும்பங்கு தலையில் இருக்கிற தசையிலிருந்து வரலை, நீந்துவதுக்கு இருக்கிற உடம்புத் தசையிலிருந்தே வருதுன்னு கண்டுபிடிச்சாங்க. அதாவது, பாஸ் சாப்பிடும்போது முழு உடம்பாலும் சாப்பிடுது! அப்பேர்ப்பட்ட உறிஞ்சலிலும் சில சமயம் குறி தப்பும். தண்ணி தெறிக்கிறதைப் பார்த்ததும் இழுத்தால், இன்னும் வாய்க்குள் போகாத பாப்பரை நீங்களே பிடுங்கிடறீங்க. மூன்று முனை முள் ரெண்டோட அது நேரா உங்க முகத்தைப் பார்த்துப் பறந்து வரும். கண்ணாடி போடாம பாப்பர் வீசக் கூடாதுன்னு சொல்றது ஸ்டைலுக்காக இல்லை!

அதனால ரூல் இதுதான்: கண்ணை நம்பாதே, கையை நம்பு. மீனின் கனம் கம்பில் தெரிஞ்ச பிறகுதான் இழுக்கணும். நைலான் நரம்பின் இழுவை இங்கே கை கொடுக்கும், உங்க அவசரத்தைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். மீன் தப்பா அடிச்சுட்டா? பாப்பரை அங்கேயே விட்டு வைங்க. பல நேரம் திரும்ப வந்து அடிக்கும். பிடுங்கியிருந்தால், ரெண்டாவது சான்ஸுக்கு அங்கே ஒண்ணும் இருக்காது.

பிடிச்ச பிறகு என்ன?

மீன் கைக்கு வந்தாச்சு. இப்போ என்ன செய்றது? இதுக்கான பதில் நூறு வருஷத்துக்குள் தலைகீழா மாறின கதை ரொம்ப சுவாரஸ்யம்.

1932, ஜூன் 2. அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் நசுக்கிக்கிட்டிருந்த நேரம். ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரின்னு ஒரு விவசாயப் பையன், கிட்டத்தட்ட உங்க வயசு. மழையில் உழ முடியாததால் நண்பரோடு மான்ட்கோமரி ஏரிக்குப் போனார். ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே தூண்டில் கம்பு, ஒரே ஒரு பொய் இரை. அதில் மாட்டியது 22 பவுண்டு 4 அவுன்ஸ் பாஸ். நம்ம கணக்கில் பத்து கிலோவுக்கும் மேல்! கடையில் எடை போட்டுப் பார்த்தார், பத்திரிகைப் போட்டிக்கு எழுதி அனுப்பினார். அப்புறம்? வீட்டுக்குக் கொண்டுபோய் சமைச்சுக் குடும்பத்தோடு சாப்பிட்டார். உலக சாதனை குழம்புச் சட்டிக்குப் போனதுன்னு யாரும் சிரிக்கக் கூடாது. பசிக்கிற வீட்டில் மீன் முதலில் சாப்பாடு. சாதனை எல்லாம் அப்புறம்தான்.

காலம் மாறிச்சு. அலபாமாவில் ரே ஸ்காட்னு ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். 1967 ஜூனில் ஆர்கன்சா மாநில பீவர் ஏரியில் 106 பேரைக் கூட்டி, ஆளுக்கு 100 டாலர் நுழைவுக் கட்டணம் வாங்கி பாஸ் பிடிக்கும் போட்டி நடத்தினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் பாஸ் மீன்பிடிப்பவர்களின் பெரிய சங்கம். கூட்டம் கூடக் கூட ஒரு கேள்வியும் வந்தது. இத்தனை பேரும் பிடிச்ச மீனைக் கொன்னுக்கிட்டே போனா ஏரியில் மிச்சம் என்ன இருக்கும்? 1972-ல் ஸ்காட் தன் போட்டிகளில் புது விதி கொண்டுவந்தார்: மீனை உயிரோடு கொண்டுவா, எடை போடு, தண்ணியில் விடு. ஆரம்பத்தில் முறைச்சவங்களும் இருந்தாங்க. ஆனா இன்னைக்கு அமெரிக்காவில் பாஸ் பிடிக்கிறவர்களுக்கு, விடுறதும் ஆட்டத்தின் ஒரு பகுதி. 2022-ல் காலமான ஸ்காட்டின் பெரிய சாதனை எதுன்னு கேட்டா நான் இதைத்தான் சொல்வேன்.

இந்த ஆட்டம் இப்போ கேம்பஸுக்குள்ளும் வந்தாச்சு. இல்லினாய் மாநிலம் 2009-ல் பள்ளிகளுக்கு மாநில அளவில் பாஸ் போட்டி நடத்த ஆரம்பிச்சது. கல்லூரிகளில் அணிகள் இருக்கு. டென்னசியின் பெத்தல் பல்கலைக்கழகம், அலபாமாவின் மான்டிவாலோ பல்கலைக்கழகம் மாதிரி சில இடங்களில் மீன்பிடி அணிக்கு உதவித்தொகையே உண்டு. ‘மீன் பிடிச்சா படிப்பு வருமா?’னு வீட்டில் திட்டினா காட்ட ஒரு உதாரணம் ரெடி! ஒரு படகில் ரெண்டு மாணவர். கணக்குக்குப் பெரிய மீன் அஞ்சு. படகிலேயே காற்றுக் குமிழி ஓடும் தொட்டியில் உயிரோடு வெச்சிருந்து கொண்டுவரணும். பாஸ்மாஸ்டர் போட்டிகளில் செத்துப்போன ஒவ்வொரு மீனுக்கும் 4 அவுன்ஸ் எடை கழிச்சிடுவாங்க. சில அவுன்ஸ் வித்தியாசத்தில் கோப்பை கைமாறுகிற ஆட்டம் இது. மீனைப் பத்திரமாப் பார்த்துக்காதவன் தோற்பான்.

போட்டியோ பொழுதுபோக்கோ, விடப்போற மீனை எப்படிப் பிடிக்கணும்? கையை முதலில் தண்ணியில் நனைக்கணும். காய்ஞ்ச கை பட்டால் மீனின் உடம்புமேல் இருக்கிற வழவழப்பு உரிஞ்சுபோகும். நோய்க்கிருமிகளைத் தடுக்கிற கவசமே அதுதான். கீழ்த்தாடையைப் பிடிக்கலாம். பாஸின் பல் உப்புத்தாள் மாதிரிதான் இருக்கும், கடிச்சுடாது. ஆனா பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிடக் கூடாது. இன்னொரு கை வயிற்றைத் தாங்கணும். தூண்டில் முள்ளின் கொக்கியை முன்னாடியே குறடால் நசுக்கி வெச்சா கழற்ற லேசு. கோடையில் இன்னும் கவனம். சூடான தண்ணியில் ஆக்சிஜன் குறைவு, போராடிக் களைச்ச மீன் மீள்றது கஷ்டம். ஒரு எளிய டெஸ்ட் இருக்கு. மீனைத் தண்ணியிலிருந்து எடுக்கும்போது நீங்களும் மூச்சை அடக்கிக்குங்க. உங்களுக்கு முட்டுச்சுன்னா அதுக்கும் முட்டுது. உடனே விடுங்க.

எங்கே விடுறது?

‘விடுறதுதான் நல்லது’ன்னு நோட்ஸ் எடுத்து முடிச்சீங்களா? கொஞ்சம் பொறுங்க. 2009 ஜூலை 2, ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிடா என்பவர் ஒரு பாஸ் பிடிச்சார். எடை 22 பவுண்டு 4.97 அவுன்ஸ். பெர்ரியின் மீனைவிட ஒரு அவுன்ஸ் கூட அதிகம் இல்லை. பழைய சாதனையை முறியடிக்கக் குறைந்தது 2 அவுன்ஸ் அதிகம் வேணும்னு விதி. அதனால 77 வருஷம் கழிச்சு ரெண்டு பேர் பேரும் சமமா நிற்குது.

அமெரிக்க மீன் ஜப்பானுக்கு எப்படிப் போச்சு? 1925-ல் அகாபோஷி டெட்சுமான்னு ஒரு தொழிலதிபர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து ஆஷி ஏரியில் விட்டார். அங்கிருந்து நாடு பூரா பரவி, உள்ளூர் குட்டி மீன்களைத் தின்னு தீர்க்க ஆரம்பிச்சது. 2005-லிருந்து ஜப்பான் சட்டப்படி அது ஆபத்தான அந்நிய உயிரினம். பிவா ஏரி இருக்கிற ஷிகா மாகாணத்தில் பிடிச்ச பாஸைத் திரும்ப ஏரியில் விடக் கூடாது. கரையில் அதைப் போடப் பெட்டியே வெச்சிருக்காங்க.

இதோட மறுபக்கமும் இருக்கு. 2002-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் க்ராஃப்டன் என்ற ஊரின் ஒரு குட்டையில் ‘ஸ்நேக்ஹெட்’னு ஒரு ஆசிய மீன் அகப்பட்டு, நாடே அல்லோலகல்லோலப்பட்டது. யார் அது? நம்ம விராலின் ஒண்ணுவிட்ட சொந்தம்! சீனப் பக்கத்து இனம். இன்னைக்கு அந்த வட்டாரத்து பொட்டோமாக் ஆற்றில் இது தாராளம். பாசிக்கு மேலே பொளக்குனு சத்தம் கேட்டா பாஸுக்குப் போட்டியா இதுவும் பாய்ஞ்சு வருது. அங்கே அதை உயிரோடு வெச்சிருக்கக் கூடாது. ஆசியாவில் அமெரிக்க மீன் வில்லன், அமெரிக்காவில் ஆசிய மீன் வில்லன். மீன் மேல் தப்பே இல்லை. தூக்கிக்கிட்டுப் போய் இடம் மாத்தி விட்ட கைதான் காரணம். அதனால, விடுறதுக்கு முன்னாடி இது யாரோட தண்ணின்னு கேட்கணும்.

தலைகீழ் பாடம்

இப்போ மொத்தத்தையும் சேர்த்துப் பாருங்க. நாம வழக்கமா எப்படி? பிடிக்கிற வரைக்கும் அவசரம். மெசேஜ் அனுப்பின அஞ்சாவது விநாடியில் ‘என்ன பதிலே இல்லை’ன்னு இன்னொரு மெசேஜ். இன்டர்வியூவில் கேள்வி முடியுறதுக்குள் பதில். கைக்கு வந்துட்டா அப்புறம் நிதானம். போட்டோ எடுத்து, ஆற அமரப் பார்த்து, ஓரமா வெச்சுட்டு மறந்துடுறது.

பாப்பர் இதை அப்படியே தலைகீழாக் கேட்குது. பிடிக்கிறதுக்கு முன்னாடி நிதானம், பிடிச்ச பிறகு வேகம். ஒரு தடவை சத்தம் போடு, அப்புறம் எதிரில் இருக்கிறவர் யோசிக்க இடம் கொடு. கிட்டே வந்துட்டாருன்னு தெரிஞ்சாலும் கனம் தெரியற வரைக்கும் இழுக்காதே. கைக்கு வந்ததும் அது உன்னுடையதுன்னு உட்கார்ந்து கொண்டாடாதே. அது மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டிருக்கு. என்ன செய்யணுமோ அதைச் சட்டுனு செய்.

அந்தப் பத்து விநாடி அமைதியில் கையில் கம்போடு நிற்கிறவனைப் பார்க்கிறவங்களுக்கு, ‘சும்மா நிக்கிறான்’னுதான் தோணும். அவன் சும்மா நிற்கலை பாஸ். அந்த ஆட்டத்திலேயே கஷ்டமான வேலையைச் செஞ்சுக்கிட்டிருக்கான்.